பேன்ட்ல கிரீஸ் படாத சைக்கிள் இருக்கா பாஸ்?



ஒரு சின்ன டெஸ்ட். உங்க வலது கால் பேன்ட்டைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. கணுக்காலுக்குப் பக்கத்துல, உள்பக்கமா, கறுப்பா பல் பல்லா ஒரு கறை இருக்கா? சோப்பு, எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய்னு அம்மா எல்லா ஆயுதத்தையும் எடுத்தும் போகாத கறையா? அப்படின்னா கை குடுங்க பாஸ்... நீங்க நம்ம கட்சி. சைக்கிள் கட்சி!

எங்க காலேஜ்ல பைக் பார்க்கிங் நிரம்பி வழியுது. சைக்கிள் ஸ்டாண்டுல எண்ணிப் பார்த்தா மொத்தம் பதினோரு சைக்கிள். அதுல மூணு வாட்ச்மேன் அண்ணன்களோடது. மிச்ச எட்டுல ஒண்ணு என்னோடது. ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஸ்கூல்ல அரசாங்கம் குடுத்த இலவச சைக்கிள். 'இன்ஜினீயரிங் தேர்ட் இயர் படிக்கிற, இன்னும் இதையாடா ஓட்டுற?'னு கேட்கிறவங்களுக்கு என்கிட்ட ஒரே பதில்தான். காலேஜ் பஸ் ஃபீஸ் வருஷத்துக்கு இருபத்தெட்டாயிரம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டறார். டவுன் பஸ்னா ரெண்டு மாறணும், ரெண்டுலயும் படிக்கட்டுதான். கணக்கு ஓவர்!

மேடவாக்கத்துலேருந்து சோழிங்கநல்லூர் பக்கம் எட்டு கிலோமீட்டர். போக எட்டு, வர எட்டு. மேடு பள்ளம் பெருசா கிடையாது. ஆனா மழை இருக்கு, உப்புக் காத்து இருக்கு, மெட்ரோ வேலைக்காகத் தோண்டின மண்ணு இருக்கு. இந்த மூணும் சேர்ந்தா சைக்கிள் செயின் என்ன கதி ஆகும்னு சொல்லவே வேணாம். போதாததுக்கு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. என் சைக்கிள் ரெண்டு நாள் முழுசா தண்ணிக்குள்ள தவம் இருந்துச்சு. வெளியே எடுத்தப்போ செயின் ஒரே இரும்புக் குச்சி மாதிரி நின்னது. மண்ணெண்ணெய்ல ஊறவெச்சு, தட்டி, ஆட்டி, எப்படியோ உயிர் குடுத்தேன். அதுலேருந்து அந்தச் செயினுக்கும் எனக்கும் தீராத பகை.

அந்தப் பகை போன வருஷம் அக்டோபர்ல முத்திடுச்சு. காலையில செம மழை. முதல் பீரியட் லேப் இன்டர்னல். பெரும்பாக்கம் தாண்டினதும் 'டொக்'னு ஒரு சத்தம். பெடல் காத்துல சுத்துது. திரும்பிப் பார்த்தா, பத்தடி பின்னால ரோட்டுல செயின் பாம்பு மாதிரி கிடக்கு! அதைப் பையில போட்டுக்கிட்டு தள்ளு தள்ளுன்னு தள்ளி, லேப் வாசல்ல போய் நின்னப்போ நாப்பது நிமிஷம் லேட். இன்டர்னல் போச்சு. அதைவிட பெரிய ஆப்பு அட்டெண்டன்ஸ். அப்போ என் கணக்கு 77 சதவிகிதம். 75-க்குக் கீழ இறங்கினா கண்டோனேஷன், ஃபைன், அப்பாவோட கையெழுத்துன்னு ஆபீஸ் ஆபீஸா அலையணும். ஒரு நாள் லீவு போட்டு அப்பா காலேஜுக்கு வந்தா, அன்னைக்கு லோடு கிடையாது. லோடு இல்லைன்னா அன்னைக்குக் காசும் கிடையாது.

அன்னைக்கு ராத்திரி முடிவு பண்ணேன். வழியில நிக்காத, எண்ணெய் கேட்காத, பேன்ட்டைக் கடிக்காத ஒரு சைக்கிள் வேணும். அப்படி ஒண்ணு உலகத்துல இருக்கா?

இருக்கு பாஸ்!

சிங்கப்பூர்லேருந்து வந்த சத்தம் போடாத ஆசாமி

சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற சித்தப்பா பையன், எனக்கு அண்ணன், தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்போ ஒரு பெரிய அட்டைப்பெட்டியோட இறங்கினான். உள்ளே அவன் அங்கே ஓட்டிக்கிட்டு இருந்த சைக்கிள். "அங்க ஆபீஸ் பக்கத்துலயே வீடு மாத்திட்டேன்டா. இது சும்மா நிக்குது. இங்க வித்துடலாம்னு தூக்கிட்டு வந்தேன். நீ எடுத்துக்கிறதா இருந்தா பதினஞ்சாயிரம் குடு, போதும்"னான்.

பார்த்ததும் எனக்கு ஒண்ணும் புரியலை. செயினே இல்லை! செயின் இருக்க வேண்டிய இடத்துல கறுப்பா, பட்டையா, உள்பக்கம் பல் வெச்ச ஒரு பெல்ட். பின் சக்கரத்துல ஏழெட்டு பல்சக்கரம் அடுக்கியும் இல்லை. ஆனா ஹேண்டில்பார்ல கியர் மாத்துற திருகு இருக்கு, எட்டு கியர் வேலை செய்யுது. கையால பெல்ட்டைத் தடவிப் பார்த்தேன். விரல்ல துளி கறுப்பு ஒட்டலை. அம்மா அதைப் பார்த்துட்டு, "இதை வாங்கிக்கடா, உன் பேன்ட்டைத் துவைச்சே என் கை தேய்ஞ்சு போச்சு"ன்னாங்க.

என்கிட்ட இருந்தது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு சாயந்திரம் டியூஷன் எடுத்ததும், இந்தப் பக்கத்துல எழுதினதுக்கு வந்ததும் சேர்த்து. "மீதிக்கு நான் சீட்டு எடுத்துத் தர்றேன்"னாங்க அம்மா. அந்தச் சீட்டு எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஏப்ரல்ல என் எக்ஸாம் ஃபீஸ். அதனால உடனே தலையாட்டலை. "அண்ணா, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன்"னு மட்டும் சொன்னேன். இன்ஜினீயரிங் படிக்கிறோமே, முதல் தடவையா அதை உபயோகிப்போம்னு நோட்டை எடுத்தேன்.

கொஞ்சம் தியரி... தூங்கிடாதீங்க!

முதல்ல செயின். இன்னைக்கு நம்ம சைக்கிள்ல ஓடுற உருளைச் செயினுக்கு 1880-ல காப்புரிமை வாங்கினவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்துல பிறந்து, இங்கிலாந்துல மான்செஸ்டர்ல பட்டறை வெச்சிருந்தவர். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவுல அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். நூத்திநாப்பது வருஷம் தாண்டியும் அந்த டிசைன் அசையலை. அவ்வளவு நல்ல டிசைன்!

'செயின் இழுத்துக்கிச்சு'ன்னு கடையில சொல்வாங்க, கேட்டிருப்பீங்க. உண்மையில இரும்பு நீளறது இல்லை. ஒவ்வொரு பின்னும் உள்ளே தேயுது. ஒரு மூட்டுல ஒரு தலைமுடி தடிமன் தேய்ஞ்சா போதும். நூத்துச் சொச்சம் மூட்டு இருக்கே... எல்லாம் சேர்ந்து செயின் நீளமாயிடும். நீளமான செயின் பல்சக்கரத்தோட பல்லுல சரியா உட்காராம மேல ஏறி ஏறி உட்காரும், பல்லையும் தேய்ச்சுடும். இதுக்குக் காரணம் மண்ணு. எண்ணெய் மேல மண்ணு ஒட்டினா அது எண்ணெய் இல்லை, உப்புத்தாள்!

இப்போ பெல்ட். இது ரைஸ் மில்லுல ஓடுற பட்டை பெல்ட் மாதிரி வழுக்கிற ஜாதி கிடையாது. கார் இன்ஜின்ல டைமிங் பெல்ட் பார்த்திருப்பீங்களே, அந்தக் குடும்பம். பல் இருக்கிறதால வழுக்காது. சைக்கிளுக்கு இதைப் பிரபலமாக்கினது அமெரிக்காவோட கேட்ஸ் கம்பெனி. பாலியூரித்தேன் உடம்பு, உள்ளே கார்பன் இழைக் கயிறுகள். துரு பிடிக்க இதுல இரும்பே இல்லை, எண்ணெய் கேட்க உராயுற பின்னும் இல்லை. செயின் முன்னூறு கிராம் சுமார் இருந்தா, பெல்ட் நூறு கிராம்கூட வராது. ஒழுங்கா வெச்சிக்கிட்டா செயினைவிட சில மடங்கு அதிகம் உழைக்கும். அழுக்கானா ஒரு மக் தண்ணி ஊத்துங்க, முடிஞ்சது வேலை.

இது நேத்து முளைச்ச விஷயமும் இல்லை. மார்க் சாண்டர்ஸ்னு ஒரு இங்கிலாந்து டிசைனர் மாணவரா இருந்தப்போ உருவாக்கின 'ஸ்ட்ரைடா'ங்கிற மடக்கு சைக்கிள் 1987-ல மார்க்கெட்டுக்கு வந்தப்பவே அதுல பெல்ட்தான். மடக்கி பஸ்ல, ரயில்ல தூக்கிட்டுப் போறவன் பேன்ட்ல கிரீஸ் படக் கூடாதுன்னு அப்பவே யோசிச்சிருக்காங்க. நம்ம ஓசூர்ல தயாராகுற ஏத்தர் 450 எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோட பின் சக்கரத்தை எட்டிப் பாருங்க, அங்கேயும் பல் வெச்ச பெல்ட்தான் ஓடுது.

'அப்படின்னா என் சைக்கிள்லயும் ஒரு பெல்ட் மாட்டிட்டா போச்சு!'னு நினைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். பல்பு! மூணு சிக்கல்.

ஒண்ணு, செயினைப் பிரிச்சு மாட்டலாம். பெல்ட் ஒரே வளையம். சைக்கிள் ஃபிரேமோட பின் முக்கோணத்துக்குள்ள அதை நுழைக்கணும்னா, ஃபிரேம்லயே ஒரு இடத்துல கழட்டி மாட்டுற மூட்டு இருக்கணும். அண்ணனோட சைக்கிள்ல வலது பக்கம் பின் சக்கரத்துக்கு மேல அந்த மூட்டு இருந்துச்சு. நம்ம சாதா ஃபிரேம்ல கிடையாது. பிரிச்சு மாட்டுற பெல்ட்டும் வந்திருக்கு. ஆனா பெரும்பாலான பெல்ட் சைக்கிள்ல முழு வளையம்தான்.

ரெண்டு, பெல்ட் ஒரே நேர்க்கோட்டுலதான் ஓடும். கியர் சைக்கிள் மாதிரி பக்கவாட்டுல தாவாது. அதனால ஒண்ணு சிங்கிள் ஸ்பீடு, இல்லைன்னா கியரெல்லாம் பின் சக்கர ஹப்புக்குள்ளேயே இருக்கணும். ஹப்புக்குள்ள கியர் வைக்கிறதும் பழைய வித்தைதான். இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல 1902-ல ஆரம்பிச்ச ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியோட மூணு ஸ்பீடு ஹப் அந்தக் காலத்து ஹீரோ. மழை, மண்ணு எதுவும் உள்ளே போகாது. ஆனா விலை எகிறும்.

மூணு, இழுவிசை. செயின் கொஞ்சம் தொய்வா இருக்கலாம், பெல்ட் இருக்கக் கூடாது. தொய்ஞ்சா பல் தாண்டிக் குதிக்கும். அதிகமா இறுக்கினா பேரிங் போகும். சரியான இழுவிசையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கதான் எனக்கு மெய்சிலிர்த்தது. பெல்ட்டை வீணைக் கம்பி மாதிரி சுண்டணும். அந்தச் சத்தத்தை செல்போன்ல ஒரு ஆப் கேட்டு இத்தனை ஹெர்ட்ஸ்னு சொல்லும். ப்ளஸ் ஒன் பிசிக்ஸ்ல படிச்சோமே, ஸோனோமீட்டர்! அதிர்வெண் இழுவிசையோட வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். பத்து சதவிகிதம் அதிர்வெண் ஏறணும்னா இழுவிசையை இருபத்தோரு சதவிகிதம் ஏத்தணும். 'இதெல்லாம் வாழ்க்கையில எங்கடா உதவப் போகுது'ன்னு கடைசி பெஞ்ச்ல நான் கேட்ட கேள்விக்கு நாலு வருஷம் கழிச்சு பதில் கிடைச்சுது!

ஒரு வாரம் ராஜா வாழ்க்கை

திங்கள், செவ்வாய், புதன்... சொர்க்கம் பாஸ். சத்தமே இல்லை. நாய்கூட திரும்பிப் பார்க்கலை. புதன்கிழமை மழையில நனைஞ்சு காலேஜ் போய், அப்படியே நிறுத்தி, சாயந்திரம் எடுத்தா காலையில எப்படி ஓடிச்சோ அப்படியே ஓடுது. துருவும் இல்லை, 'கிரீச்'சும் இல்லை. லைட் கலர் பேன்ட் போட்டுக்கிட்டுப் போனேன். கிளாஸ்ல ஒரு தோழி, "இது இருந்தா துப்பட்டா செயின்ல மாட்டுற பயமும் குறையுமே"ன்னு சொல்லி ஒரு ரவுண்டு கேட்டு வாங்கிட்டுப் போனா. மனசுக்குள்ள பதினஞ்சாயிரத்தை எண்ணிக் குடுத்தே முடிச்சுட்டேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. பின் டயர் 'புஸ்'.

பதறாம தள்ளிக்கிட்டுப் போனேன். வழக்கமா போற சைக்கிள் கடை அண்ணன் டயரை ஒரு பக்கம் விலக்கி, சக்கரத்தைக் கழட்டாமலேயே டியூபை வெளியே இழுத்து, தண்ணியில முக்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஒட்டுப் போட முடியாது தம்பி. வால்வு அடியிலேயே கிழிஞ்சிருக்கு. டியூப் மாத்தணும். இந்த சைஸ் என்கிட்ட இல்லையே!"

டியூப் தேடி நான் வேளச்சேரி வரைக்கும் போய் வர்றதுக்குள்ள மணி பத்து. அப்புறம் சக்கரத்தைக் கழட்டணும். கியர் கேபிளை விடுவிக்கணும், பெல்ட்டை நோகாம எடுக்கணும். அண்ணன் வழக்கம் போல அதை மடக்கி ஓரமா வைக்கப் போனார். "அண்ணே, மடக்காதீங்க! உள்ள கார்பன் இழை உடைஞ்சிடும்!"னு அலறினேன். அவர் ஏதோ பச்சைக் குழந்தையைக் கையில வாங்கின மாதிரி ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு நின்னார். திரும்ப மாட்டினோம். இழுவிசை சரியா வரலை. ஏறி ஒரு மிதி மிதிச்சதும் 'டக்'னு பல் தாண்டிச்சு. வீட்டுக்குத் தள்ளிட்டு வந்து, செல்போனைப் பக்கத்துல வெச்சு சுண்டிச் சுண்டி சரி பண்றதுக்குள்ள சாயந்திரம். அன்னைக்கு நான் காலேஜே போகலை. அட்டெண்டன்ஸ் 76-க்கு இறங்கிடுச்சு.

பெல்ட் மேல தப்பே இல்லை, கவனிச்சீங்களா? பெல்ட்டுக்கு ஒண்ணுமே ஆகலை. டியூப்தான் போச்சு!

கடைசிப் பக்கத்துல இருந்த விடை

கடை அண்ணன்கிட்ட கேட்டேன். "அண்ணே, இதை வாங்கலாமா?" அவர் பெல்ட்டை மறுபடி ஒரு தடவை தடவினார். "சாமான் அருமையான சாமான் தம்பி. பொய் சொல்லக் கூடாது. ஆனா இந்த ரோட்டுல இதுக்கு சொந்தக்காரன் யாரும் இல்லையே. நாளைக்கு இதுல ஒரு பல் போச்சுன்னா எங்க போய் நிப்ப?"

ராத்திரி அப்பாகிட்ட கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கிட்டே சொன்னார். "வண்டின்னா வழியில நிக்கக் கூடாது. நின்னுடுச்சுன்னா, நின்ன இடத்துலயே சரி பண்ற மாதிரி இருக்கணும். நான் ஆட்டோ வாங்கும்போது அதைத்தான் பார்த்தேன்."

எனக்கு அப்போதான் உறைச்சுது. லேப் ரெக்கார்டோட கடைசிப் பக்கத்துல, ஜூன் மாசத்துலேருந்து சைக்கிள் படுத்தின பாட்டையெல்லாம் கடுப்புல குறிச்சு வெச்சிருந்தேன். எடுத்து எண்ணினேன். மொத்தம் பதினாலு தடவை. பஞ்சர் அஞ்சு. செயின் கழண்டது அஞ்சு. செயின் அறுந்தது ஒண்ணு. பிரேக் ரெண்டு. பெடல் காட்டர் பின் ஒண்ணு.

சரி, இதுல எத்தனை தடவை முதல் பீரியட் போச்சு? அஞ்சு. அதுல நாலு... பஞ்சர்! செயின் அறுந்தது ஒரே ஒரு தடவை. செயின் கழண்டதெல்லாம் ரெண்டு நிமிஷத்துல மாட்டிட்டு, கறுப்புக் கையோட கிளாஸுக்குப் போன கேஸ். அதாவது, நான் தினமும் திட்டினது செயினை. என்னை லேட்டாக்கினது டியூப். பதினஞ்சாயிரம் குடுத்து நான் தீர்க்கப் போன பிரச்னை பேன்ட் கறை. தீராம நிக்கப் போறது அட்டெண்டன்ஸ்!

அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக்கிட்டு மறுநாள் கடைக்குப் போனேன். "அண்ணே, என் பழைய சைக்கிளையே முழுசா ஓவராயிலிங் பண்ணிடலாம்"னேன். அண்ணன் முகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு!

செயின், முன் பல்சக்கரம், ஃப்ரீவீல் மூணையும் சேர்த்து மாத்தினோம். தேய்ஞ்ச பல்லுல புதுச் செயின் போட்டா புதுசும் சீக்கிரம் போயிடும். வெள்ளத்துல ஊறின பெடல் அச்சு, கப்பு, பால்ரஸ் குண்டு எல்லாம் புதுசு. துருப்பிடிச்ச இரும்பு ரிம்முக்குப் பதிலா அலாய் ரிம் கோத்து, கோட்டம் எடுத்தார். மழையில இரும்பு ரிம்மைவிட அலாய் ரிம்முல பிரேக் நல்லாப் பிடிக்கும். டயர் ரெண்டும் தடிமனானது, டியூப் ரெண்டும் புதுசு. கடைசியா ஒரு ஐடியா குடுத்தேன். "அண்ணே, பெல்ட்டுக்கு என்ன பெருமை? மண்ணு ஒட்டாது. செயினை மண்ணே படாம மூடிட்டா?" கடை மூலையில கிடந்த ஒரு பழைய லேடீஸ் சைக்கிளோட ஃபுல் செயின் கவரை எடுத்து, தட்டி, வளைச்சு, மாட்டியே குடுத்துட்டார். சைக்கிள் தேசம்னு சொல்ற நெதர்லாந்துல ஊர் சுத்துற சைக்கிள்கள்ல இந்த மாதிரி முழு மூடிதான் சகஜம். நம்ம ஊர்ல அதை 'லேடீஸ் சைக்கிள் கவர்'னு ஒதுக்கிட்டோம்!

மொத்தச் செலவு 3,900 ரூபா. சீட்டுப் பணத்தை யாரும் தொடலை.

நீங்க என்ன வாங்கலாம்?

'அப்போ பெல்ட் வேஸ்ட்டா?'னு கேட்காதீங்க. ஆளைப் பொறுத்தது பாஸ். கையில காசு இருக்கு, நல்ல ரோடு, ஸ்பேர் வாங்க வழி இருக்கு, ஸ்பேனர் பிடிக்கக் கை கூசாதுன்னா பெல்ட் மாதிரி நிம்மதி கிடையாது. வாங்கறதுக்கு முன்னாடி இதை மட்டும் பாருங்க.

* அதே நீளத்துல, அதே பல் எண்ணிக்கையில ஸ்பேர் பெல்ட் எங்கே கிடைக்கும்னு முதல்ல கேளுங்க. கிடைச்சா ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க. சுருட்டி, மடக்கி வைக்கக் கூடாது.

* செகண்ட் ஹேண்டுன்னா பெல்ட்டைத் திருப்பாம, மடக்காம, பல் இடுக்கெல்லாம் பாருங்க. வெடிப்பு, ஓரத்துல பிசிறு இருந்தா வேணாம். பல்சக்கரத்தோட பல் சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ஞ்சு கூரா இருந்தாலும் வேணாம்.

* கியர் விகிதம் உங்க காலுக்குச் சரியான்னு ஓட்டிப் பாருங்க. பெல்ட்ல பின்னால மாத்தறது செலவு. பல்சக்கரம் மாறினா பெல்ட் நீளமும் மாறலாம். என் சைக்கிள் கணக்கு சொல்றேன். முன்னால 44 பல், பின்னால 18. பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரம் ரெண்டரை சுத்துக்குக் கொஞ்சம் கம்மி, தூரம் அஞ்சு மீட்டர் சொச்சம். நிமிஷத்துக்கு 65 தடவை மிதிச்சா மணிக்கு 20 கிலோமீட்டர். எட்டு கிலோமீட்டருக்கு 24 நிமிஷம். சமதரைக்கு இது போதும். ஏற்காடு, ஊட்டிப் பக்கம் படிக்கிறவங்க இதை நம்பி ஏமாறாதீங்க!

* பின் சக்கரத்தை ஒரு தடவை வீட்டு வாசல்ல கழட்டி மாட்டிப் பழகுங்க. ரோட்டுல முதல் தடவை கழட்டினா என் வியாழக்கிழமைதான் உங்களுக்கும்.

செயின்லயே இருக்கப் போறீங்களா? வெரி குட். வாரத்துக்குப் பத்து நிமிஷம் குடுங்க.

* முதல்ல பழைய துணியால துடைங்க. அப்புறம்தான் எண்ணெய். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. பெடலைப் பின்னால சுத்திட்டு, வெளியே வழியுறதை மறுபடி துடைங்க. எண்ணெய் உள்ளே இருக்கணும், வெளியே இல்லை. பைக் கடையில வடிச்ச கறுப்பு ஆயிலும் வேணாம், அம்மாவோட தேங்காய் எண்ணெயும் வேணாம்!

* ஸ்கேல் எடுத்து செயினை அளங்க. 24 கண்ணி சரியா 12 அங்குலம் இருக்கணும். 12-க்கு மேல ஒரு அங்குலத்துல பதினாறுல ஒரு பங்கு தாண்டினா செயின் மாத்துங்க. எட்டுல ஒரு பங்கு தாண்டிட்டா பல்சக்கரமும் போயிருக்கும், பர்ஸ் பழுக்கும்.

* செயினோட நடுவுல விரலால மேலயும் கீழயும் ஆட்டினா ஒரு அரை அங்குலம் ஆடணும். அதுக்கு மேல ஆடினா கழண்டு விழும். பின் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால இழுத்து இறுக்குங்க.

* ரெண்டு மட்கார்டும், முன் மட்கார்டுக்குக் கீழ ஒரு ரப்பர் தொங்கலும் கட்டாயம். முன் சக்கரம் வாரி அடிக்கிற சேறு நேரா செயின்லதான் வந்து விழுது.

* எல்லாத்துக்கும் மேல, பையில ஒரு ஸ்பேர் டியூப், ஒட்டுப் போடுற செட், கைப் பம்பு, ஒரு ஸ்பேனர். பெல்ட்டோ செயினோ, இது இல்லாம கிளம்பாதீங்க.

கடைசியா...

ஓவராயிலிங் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. நடுவுல வடகிழக்குப் பருவமழையோட வால் பகுதியையும் பார்த்தாச்சு. செயின் ஒரு தடவைகூட கழலலை. பஞ்சர் ரெண்டு. ரெண்டையும் ரோட்டோரத்துல நானே மாத்தினேன். முதல் தடவை இருபத்தஞ்சு நிமிஷம், ரெண்டாவது தடவை பதினாலு. அட்டெண்டன்ஸ் 80-ஐத் தாண்டிடுச்சு. விட்ட இன்டர்னலை ஒண்ணும் பண்ண முடியலை, அந்த மார்க் போனது போனதுதான்.

அண்ணனோட பெல்ட் சைக்கிளை சோழிங்கநல்லூர்ல ஒரு சாஃப்ட்வேர் அக்கா வாங்கிட்டாங்க. கூரை போட்ட பார்க்கிங், நாலு கிலோமீட்டர் தூரத்துல ஆபீஸ், பெல்ட்டும் டியூபும் வாங்கிட்டு வர வெளிநாட்டுல ஃப்ரெண்ட்ஸ். அவங்களுக்கு அது சரியான வண்டி. ஸ்பேர் டியூபை மறக்காம வெச்சுக்கச் சொல்லிக் குடுத்தேன். சில நாள் காலையில சிக்னல்ல அவங்களைப் பார்க்கிறேன். பச்சை விழுந்ததும் சத்தமே இல்லாம சறுக்கிக்கிட்டுப் போயிடுறாங்க. கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யுது, மறைக்க மாட்டேன். முதல் மாச சம்பளம் வரட்டும், பார்க்கலாம்!

அதுவரைக்கும் நீங்க ஒண்ணு செய்ங்க. வண்டி மாத்தணும்னு தோணினா, உடனே கடைக்கு ஓடாதீங்க. ஒரு நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒரு மாசம் எழுதுங்க. எது உங்களைக் கடுப்பேத்துது, எது உங்களை லேட்டாக்குதுன்னு ரெண்டு காலம் போட்டு எழுதுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க.

சரி ஃப்ரெண்ட்ஸ், நாளைக்கு செயினுக்கு எண்ணெய் போடுற நாள். பழைய துணி தேடணும். அந்தக் கறை படிஞ்ச பேன்ட் இப்போ அதுக்குத்தான் உதவுது.

அடுத்த வாரம் பார்க்கலாம்... வரட்டா!